சோறு போடுபவரே உரிமையாளர்

பெரியதம்பிக்குப் பூனைகள் மேல் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். பேரூராட்சி அலுவலகத்தில் சொன்னார். கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் வரிசையில் முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் சொன்னார். கால்நடை மருத்துவரிடம் அவர் கேட்காமலே சொன்னார். பெரியதம்பியின் பகையெல்லாம் பொறுப்பாளி இல்லாத பொருட்களோடுதான். பூனை அந்த வகையில் போய்ச் சேர்ந்தது பூனையின் கெட்ட நேரம்.

சிங்காரப்பேட்டைக்காரர். ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூருக்கு வந்து, வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாறி, அங்கேயே தலை நரைத்தவர். அந்தப் பிரிவில் ஒரு பாகத்தில் மயிரிழை அளவு கீறல் தெரிந்தாலும் போதும். எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், யார் கை பட்டது என்று பின்னோக்கிப் போய்ப் பிடித்துவிடலாம். எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு ஆள். இந்த ஏற்பாடு பெரியதம்பிக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. கம்பெனி கேட்டுக்கு வெளியே இருக்கும் உலகமும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கத் தொடங்கியதுதான் தொந்தரவு.

அவர் வீடு கட்டியிருந்தது கொத்தபேகூர் பேரூராட்சியில், எல்லையை ஒட்டிய ஒரு லேஅவுட்டின் கடைசித் தெருவில். தெருவைத் தாண்டினால் ஒரு வறண்ட ஓடை. ஓடையைத் தாண்டினால் கர்நாடகா. அந்தப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வருகிறவர்களுக்கும் பூனைகளுக்கும் அந்த எல்லை ஒரு பொருட்டே இல்லை. லேஅவுட்டில் இருந்த பூனைகளின் நிலைமை விசித்திரமானது. பால் பாக்கெட்டைக் கடித்துப் போட்டால் அது யாருடைய பூனையும் இல்லை. கார் மேல் படுத்து நகத்தால் கோடு போட்டால் அது யாருடைய பூனையும் இல்லை. எலி பிடித்துவிட்டால் மட்டும் இரண்டு வீட்டுக்காரர்கள் அது தங்கள் பூனை என்பார்கள்.

தெரு முழுவதற்கும் தெரிந்து, பெரியதம்பிக்கு மட்டும் தெரியாத ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். அந்தத் தெருப் பூனைகள் அத்தனைக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது அவருடைய மனைவி சுகுணா.

மகள் லாவண்யா கல்யாணமாகி புனேக்குப் போன பிறகு வீட்டில் பகலில் பேச ஆளில்லை. ஒரு மழைநாள் மத்தியானம் மஞ்சள் பூனை ஒன்று சமையலறைப் பின்வாசலில் வந்து நனைந்து நின்றது. சுகுணா மீன்குழம்புச் சோறு கொஞ்சம் வைத்தாள். அது போய் மற்றதுகளிடம் என்ன சொல்லிற்றோ, மழைக்காலம் முடிவதற்குள் பின்வாசல் ஒரு மெஸ் மாதிரி ஆகிவிட்டது. கணவர் வீட்டுக்கு வந்தால் பேசுவது கம்பெனி விஷயம் மட்டும்தான் என்பதால் பூனைகளுக்கும் அவளுக்குத் தெரிந்த பேர்களே விழுந்தன. சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும் கடுவனுக்கு ஜி.எம். எப்போதும் கர்ப்பமாகவே இருக்கும் மஞ்சள் பூனைக்கு ஓவர்டைம். தட்டைவிட்டு நகராத குண்டுப் பூனைக்குக் கேன்டீன்.

பெரியதம்பி காலையில் கம்பெனி பஸ்ஸில் போய் சாயங்காலம் திரும்புகிறவர். முக்கில் பஸ் ஹாரன் கேட்டதும் பூனைகள் மதிலேறிப் போய்விடும். சுகுணா தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். அவருக்கு ஷிஃப்ட் மாறினால் முதல் நாள் மட்டும் பூனைகள் கொஞ்சம் தடுமாறும், மறுநாள் சரியாகிவிடும். "நான் மறைக்கலைங்க, அவரு கேக்கல, நான் சொல்லல" என்று பின்னால் அவள் நாகம்மாவிடம் சொன்னாள். நாகம்மா எதிர்வீட்டுக்காரி, மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள், கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுகிறவள். இந்த ரகசியத்துக்கு முதல் சாட்சியும் அவள்தான், மிச்சமான பாலைக் கொண்டுவந்து ஊற்றியவளும் அவள்தான்.

இப்படியே போயிருக்கும். ஆனால் கம்பெனியில் ஒரு ஆடிட் வந்தது.

சென்னையிலிருந்து பெரிய வாடிக்கையாளர் கம்பெனியின் ஆட்கள் வந்து தரத்தைச் சோதிக்கிற நாள். பெரியதம்பி அன்று பஸ்ஸுக்குக் காத்திராமல் தன் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நெடுஞ்சாலையில் ஏறியதும் எங்கிருந்தோ கீச்சென்று ஒரு சத்தம். ஃபேன் பெல்ட் என்று நினைத்தார். நிறுத்தினார், கேட்கவில்லை. ஓட்டினார், கேட்டது. சிப்காட் சிக்னலில் நின்றபோது பக்கத்தில் பைக்கில் நின்ற பையன் சொன்னான், "சார், உங்க இன்ஜின் மியாவ்ங்குது."

கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்தார். ஆடிட்டர்களின் கார் பின்னாலேயே வந்து நின்றது. ஜெனரல் மேனேஜர் பூங்கொத்தோடு வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இன்ஜினுக்கு அடியிலிருந்து கிரீஸ் பூசிய பூனைக்குட்டி ஒன்று வெளியே வந்து, ஆடிட்டர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக கம்பெனிக்குள் ஓடியது. அனுப்பத் தயாராக அடுக்கியிருந்த பெட்டிகளுக்கு நடுவே புகுந்துகொண்டது. அதை வெளியே எடுக்கப் பாதிப் பெட்டிகளை இறக்க வேண்டியதாயிற்று. வெளிப்பொருள் எதுவும் சரக்கோடு கலக்காமல் எப்படித் தடுக்கிறீர்கள் என்பதுதான் ஆடிட்டர்களின் அன்றைய முதல் கேள்வியாக இருந்தது.

சாயங்காலம் இன்னொரு அவமானம் பாக்கி இருந்தது. அட்டைப் பெட்டியில் குட்டியோடு வாசலுக்கு வந்தவரைக் காவலாளி அண்ணாதுரை நிறுத்தினார்.

"கேட் பாஸ் வேணுங்க சார்."

"இது பூனைக்குட்டி, அண்ணாதுரை."

"பெட்டியில எது போனாலும் பாஸ் வேணும்னு நீங்கதானே சார் போன மாசம் சர்க்குலர் விட்டீங்க. திருப்பிக் கொண்டுவர்ற பொருளா, வராத பொருளா? ஓனர் யாருன்னு போடணும்."

"ஓனர் யாரும் கிடையாதுய்யா! அதுதான் பிரச்சினையே!"

"உங்க வண்டியில வந்தது சார். உங்க பேரையே போட்டுக்கறன்."

அன்று வீட்டுக்கு வரும் வழியில் குட்டியை எங்கேயாவது இறக்கிவிடலாம் என்று அவர் நினைக்காமல் இல்லை. ஆனால் பொறுப்பில்லாத ஜனங்களைப் பற்றி மனதுக்குள் பேசிக்கொண்டே வந்தவருக்கு அதே வேலையைச் செய்யக் கை வரவில்லை. குட்டியைச் சுகுணாவிடம் கொடுத்து, "ரெண்டு நாள் வெச்சிரு, யாருதுனு விசாரிக்கறன்" என்றார். சுகுணா குட்டியை வாங்கிக்கொண்டாள். அது ஓவர்டைமின் மூன்றாவது ஈத்தில் பிறந்தது என்று அவளுக்குத் தெரியும். "விசாரிங்க" என்றாள்.

பெரியதம்பி விசாரித்தார். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும், "எங்க வூட்டுது இல்லைங்க" என்றார்கள். சிலர் சொல்லும்போது அவருடைய வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் அப்போது மனதுக்குள் மனு எழுதிக்கொண்டிருந்தார்.

வார்டு கவுன்சிலர் ஆஞ்சப்பன் மெயின் ரோட்டில் கோழிக்கடை வைத்திருந்தவர். கடைக் கழிவு எங்கே போகிறது என்று யாரும் கேட்காதவரை எல்லோரோடும் சிரித்துப் பேசுவார். மனுவைப் படித்துவிட்டு, "நாய்க்கு குடுங்க சார், புரியுது. கடிக்குது. பூனைக்கு நம்ம ஆபீஸ்ல ஒரு ஃபைல்கூட கிடையாதே" என்றார்.

"அதத்தான் நானும் சொல்றன். ஃபைலே இல்லாத ஒரு விஷயம் தெருத்தெருவா சுத்துது. வருஷத்துக்கு எத்தனை குட்டி பொறக்குது, எத்தனை வண்டியில அடிபடுது, யாருக்காவது கணக்கு தெரியுமா? வளர்க்கறவன்னு ஒருத்தன் இருந்தா ஊசி போடுவான், ஆபரேஷன் பண்ணுவான். யாரும் இல்லாததுனால பூனைக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்."

இதில் பூனைக்கும் கஷ்டம் என்கிற பாதியை அவர் வாதத்துக்கு வலு சேர்க்கத்தான் சேர்த்தார். ஆனாலும் சொன்னது உண்மைதான். லேஅவுட்டில் பாதிக் குட்டிகள் வளர்வதே இல்லை. ஈனும் பூனைகள் எலும்பும் தோலுமாக அலைந்தன. குட்டிகளைச் சாக்கில் கட்டி ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவது இங்கே வழக்கம். அந்தப் பக்கத்துக்காரர்கள் தங்கள் சாக்கை இந்தப் பக்கம் விடுவார்கள். இரண்டு மாநிலங்களுக்கிடையே தகராறில்லாமல் நடந்துவந்த கொடுக்கல் வாங்கல் அது ஒன்றுதான்.

பெரியதம்பி விடவில்லை. திங்கட்கிழமைகளில் லீவு போட்டுக் கிருஷ்ணகிரிக்குப் போய் மனு கொடுத்தார். அங்கிருந்து மனு பேரூராட்சிக்கே திரும்பி வந்தது. அவர் மறுபடி போனார், அதுவும் மறுபடி திரும்பி வந்தது. கடைசியில் கொத்தபேகூருக்குப் புதிதாக வந்திருந்த அரசு கால்நடை மருத்துவர் சுஜாதாதான் விஷயத்தை அசைத்தவர். பூனைகளுக்கும் கருத்தடையும் வெறிநாய்க்கடி ஊசியும் போட வேண்டும் என்று அவர் வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார், கேட்கத்தான் ஆளில்லை. ஒரு தன்னார்வ அமைப்பு அறுவைச் சிகிச்சைச் செலவை ஏற்க முன்வந்தது. பேரூராட்சி, செலவில்லாத காரியம் என்று தெரிந்ததும், சோதனை முறையில் கடைசி வார்டுக்கு மட்டும் ஒரு தீர்மானம் போடச் சம்மதித்தது.

தீர்மானத்தின் வாசகத்தை எழுதித் தரும் பொறுப்பைப் பெரியதம்பி கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எழுதினார். பூனைகளுக்குக் கருத்தடை செய்யப்படும். செய்ததற்கு அடையாளமாகக் காது நுனியில் சின்ன வெட்டு இடப்படும். பிடித்த இடத்திலேயே திரும்ப விடப்படும். உரிமையாளர் ஆண்டுதோறும் ஊசி போட வேண்டும், தவறினால் அபராதம். உரிமையாளர் யார் என்பதில்தான் அவர் நெடுநேரம் யோசித்தார். ஆள் தப்பிக்க முடியாத மாதிரி ஒரு வாக்கியம் வேண்டும். கடைசியில் கிடைத்தது: "ஒரு பூனைக்கு வழக்கமாக உணவளிக்கும் நபரே அப்பூனையின் உரிமையாளராகக் கருதப்படுவார்."

சுகுணாவிடம் படித்துக் காட்டினார். "எப்பிடி இருக்குது?"

"ஓட்டையே இல்லைங்க" என்றாள் சுகுணா.

தீர்மானம் நிறைவேறியது. கண்காணிப்புக் குழு ஒன்று போட்டு பெரியதம்பியைத் தலைவராக்கினார்கள். குழுவில் வேறு யாரும் இல்லை.

பூனை பிடிக்கும் நாள் ஒரு சனிக்கிழமை. காலையிலேயே கூண்டுகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். டாக்டர் சுஜாதா வந்தார். ஆஞ்சப்பன் வெள்ளைச் சட்டையில் வந்தார். தெருவே வேடிக்கை பார்க்க நின்றது. கூண்டுக்குள் கருவாடு வைத்து அங்கங்கே மறைத்தார்கள். ஒரு பூனைகூட எட்டிப் பார்க்கவில்லை. வெயில் ஏறியது. கருவாட்டை எறும்பு பிடித்தது.

"இங்க யாராவது ரெகுலரா சாப்பாடு வெக்கறவங்க இருப்பாங்க. அவங்க கூப்பிட்டாத்தான் வரும். யாருங்க அது?" என்று கேட்டார் சுஜாதா.

ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் கரண்ட் கம்பத்தைப் பார்த்தார். நாகம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று கிளம்பினாள். மாடு ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தது.

"பயப்படாம சொல்லுங்க" என்று பெரியதம்பி முன்னால் வந்தார். "குழுத் தலைவர்ங்கற முறையில சொல்றன். யாரா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான். இத்தனை நாளு ஒளிஞ்சிருந்தது போதும், தைரியமா முன்னால வாங்க."

சுகுணா வந்தாள். கையில் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் இருந்தன. யாரையும் பார்க்காமல் வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குப் போய்த் தட்டைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

மதில்களிலிருந்து வந்தன. ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து வந்தன. பக்கத்து மனையில் வளர்ந்திருந்த முட்புதரிலிருந்து வந்தன. நிறுத்தியிருந்த லாரிக்கு அடியிலிருந்து வந்தன. குண்டுப் பூனை கேன்டீன் பெரியதம்பியின் கால்களுக்கு நடுவே புகுந்து போயிற்று. சுகுணா ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பேர் கேட்டு ஒவ்வொன்றும் தட்டைப் பார்த்து வந்தது. தன் கம்பெனியின் பாதிப் பதவிகள் பூனைகளாக நடந்துவருவதைப் பெரியதம்பி பார்த்துக்கொண்டு நின்றார்.

பேச வேண்டியவர் பெரியதம்பி. தனக்கு வந்திருப்பது கோபமா வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை.

"எத்தனை வருஷமா?" என்றார், மனைவியிடம், மெதுவாக.

"லாவண்யா போனதுல இருந்துங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க வந்ததும் ரிஜெக்‌ஷன் எவ்வளவுன்னுதானே ஆரம்பிப்பீங்க. பூனையை எங்க நுழைக்கறது?"

ஆஞ்சப்பன் இருமினார். பெரியதம்பி அவரைத் தனியே கூட்டிக்கொண்டு போய், 'வழக்கமாக' என்ற சொல்லுக்கு என்ன பொருள், அதை எப்படி அளப்பது, மிச்சமான சோற்றை வைப்பது உணவளிப்பதில் சேருமா என்றெல்லாம் கேட்டார். ஆஞ்சப்பனுக்கு இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமான நாள் கிடைத்ததில்லை. "நீங்க எழுதுன ரூலு சார். நாங்க கை மட்டும்தான் தூக்குனோம்" என்றார்.

சுஜாதா பதிவு செய்ய உட்கார்ந்தார். "உரிமையாளர் பேரு?"

பெரியதம்பி வாயைத் திறப்பதற்குள் சுகுணா சொன்னாள், "எம் பேரையே எழுதுங்கம்மா. அவரு பேரு வேணாம். அவருக்கு இதுல சம்பந்தமில்ல."

கணவரைக் காப்பாற்றத்தான் அவள் அப்படிச் சொன்னாள். பெரியதம்பிக்கு அது நன்றாகவே புரிந்தது. ஆனாலும் அன்று முழுக்க அவரைக் குடைந்தது அந்த ஒரு வார்த்தைதான். தன் வீட்டுப் பின்வாசலில், தன் சம்பளத்தில் வாங்கிய அரிசியில் வளர்ந்த பூனைகள். இவருக்குச் சம்பந்தமில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்து பூனைகள் கூண்டுகளில் திரும்பி வந்தன. தையல் ஆறும்வரை வைத்துப் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும். கார் ஷெட்தான் இடம். கார் தெருவுக்குப் போயிற்று. முதல் நாள் பெரியதம்பி ஷெட் பக்கமே போகவில்லை. இரண்டாம் நாள் போய், கூண்டுகள் வரிசையாக இல்லாததைப் பார்த்துச் சரிசெய்தார். அடுத்த நாள் டார்ச்சும், கம்பெனியில் பாகங்களைப் பார்க்கும் பூதக்கண்ணாடியும் வந்தன. ஒவ்வொரு தையலாகப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

ஓவர்டைமின் தையலில் சிவப்புக் கண்டதை அவர்தான் பார்த்தார். அது தீனியைத் தொடாமல் மூலையைப் பார்த்துப் படுத்திருந்தது. சுகுணா பயந்து அழுதாள். பெரியதம்பி கம்பெனிக்குப் போன் போட்டு லீவு சொன்னார். காரணம் கேட்டபோது, "வீட்ல உடம்பு சரியில்ல" என்றார். பூனையை அட்டைப் பெட்டியில் முன்சீட்டில் வைத்து, வேகத்தடைகளில் வண்டியை மெல்ல ஏற்றி இறக்கி, மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு போனார். வழியில் பெட்டி அசைந்தபோதெல்லாம் ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டார்.

மருத்துவமனை உதவியாளர் சீட்டு எழுதக் கேட்டார். "பூனை பேரு?"

பெரியதம்பி சுற்றும் முற்றும் பார்த்தார். மாட்டோடு வந்தவர்களும் ஆட்டோடு வந்தவர்களும் பெஞ்சில் இருந்தார்கள். "ஓவர்டைம்" என்றார், தணிந்த குரலில்.

"உரிமையாளர்?"

"சுகுணா."

"நீங்க?"

"கொண்டு வந்தவன்."

சுஜாதா புண்ணைச் சுத்தம் செய்து மருந்து போட்டார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே வேறொன்று சொன்னார். "சார், உங்க தீர்மானத்துல ஒரு பிரச்சினை வந்திருக்கு. மத்த தெருவுல எல்லாம் பூனைக்கு சோறு வெக்கறத நிறுத்திட்டாங்க. வெச்சா ஓனராயிடுவோம், அபராதம் வரும்னு பயம். பூனைங்க எல்லாம் பட்டினி. உங்க ரூல்ல சோறு போடறது குத்தமாயிடுச்சு. சாக்குல கட்டித் தூக்கிப் போடறது குத்தமாகல. அதைப் பத்தி ஒரு வரிகூட இல்ல."

பெரியதம்பி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஓட்டையே இல்லை என்று நினைத்த வாக்கியம். வரும் வழியில் யோசித்துப் பார்த்தார். தீர்மானம் எழுதும்போது அவர் தேடியது பூனையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை அல்ல, குற்றம் சாட்ட ஒரு ஆளை. அப்படித் தேடினால் கண்ணில் படுகிறவர் கருணையுள்ளவராகத்தான் இருப்பார். மற்றவர்கள் எப்போதோ நகர்ந்திருப்பார்கள். இது அவருக்குத் தரக்கட்டுப்பாட்டிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். தவறைச் சொல்ல வந்த தொழிலாளியைத் திட்டினால் அடுத்த முறை தவறு நடக்காமல் இருக்காது, வெளியே தெரியாமல்தான் போகும் என்று பயிற்சி வகுப்பில் அவரே பாடம் எடுத்திருக்கிறார்.

ஓவர்டைம் பிழைத்தது. பேர்தான் இனி பொருந்தவில்லை.

பெரியதம்பி மறுபடி ஆஞ்சப்பனிடம் போனார். கவுன்சிலர் தலையில் கை வைத்தார். "சார், போட்ட ரூலையே இன்னும் யாரும் படிக்கல. அதுக்குள்ள திருத்தமா?"

திருத்தம் வந்தது, சில மாதங்கள் கழித்து. சோறு போடுகிறவர் இனி உரிமையாளர் இல்லை, 'பராமரிப்பாளர்'. அவருக்கு அபராதம் கிடையாது. அவர் சொல்லி அனுப்பினால் ஆபரேஷனும் ஊசியும் இலவசம். பூனையையோ குட்டியையோ கைவிடுகிறவருக்குத்தான் அபராதம். கோழிக்கடைக் கழிவை மூடிய தொட்டியில்தான் போட வேண்டும் என்று ஒரு வரியையும் பெரியதம்பி கடைசியில் சேர்த்திருந்தார். ஆஞ்சப்பன் படிக்காமலே கை தூக்கினார். அந்த வரிக்கு முதல் நோட்டீஸ் அவருடைய கடைக்கே போயிற்று. அதன் பிறகு அவர் எந்தத் தீர்மானத்தையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கையைத் தூக்குகிறார் என்கிறார்கள். அந்த வகையில் ஊருக்கு அது ஒரு லாபம்.

ஜனங்கள் மெல்ல மெல்ல வெளியே வந்தார்கள். நாகம்மா முதலில் வந்து மாட்டுக்கொட்டகையில் வளரும் பூனைகளுக்குப் பராமரிப்பாளராகத் தன் பேரைக் கொடுத்தாள். அவள் ஒப்புக்கொண்டதும் லேஅவுட்டில் பாதிப் பேருக்குத் தாங்களும் சோறு வைத்தது ஞாபகம் வந்தது. அடுத்த மழைக்காலத்தில் குட்டிகள் குறைவாகத்தான் பிறந்தன. பிறந்தவை வளர்ந்தன. காது நுனி வெட்டிய பூனைகள் மதில்மேல் சண்டை போடாமல் கொழுத்துக் கிடந்தன. சாயங்காலங்களில் கம்பெனி பஸ் முக்கில் ஹாரன் அடிக்கும்போது அவை இப்போது ஓடுவதில்லை. பெரியதம்பிதான் அவற்றைத் தாண்டிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது.

மிச்சமிருந்தது ஓடைக்கு அந்தப் பக்கம். இங்கே சாக்கு நின்றுவிட்டது. அங்கிருந்து வரும் சாக்கு நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பைக்கில் வந்த ஒருவன் ஓடையில் சாக்கை வீசிவிட்டுப் போவதைப் பெரியதம்பி நேரிலேயே பார்த்தார். காரை எடுத்துத் துரத்தினார். கர்நாடகத்துக்குள் ஒரு டீக்கடையில் அவனைப் பிடித்துவிட்டார். தெரிந்த கன்னடத்தையெல்லாம் திரட்டிச் சட்டத்தைச் சொன்னார். அவன் பொறுமையாகக் கேட்டு, "ஆ ரூல்ஸு நிம் கடே ஸார்" என்றான், டீயை ஊதிக்கொண்டே. அந்த விதி உங்கள் பக்கத்துக்குத்தான். அவன் சொன்னதில் பிழையில்லை. பெரியதம்பி திரும்பி வந்து, சாக்கை அவிழ்த்து, குட்டிகளைச் சுகுணாவிடம் கொடுத்தார். இந்த முறை விசாரிக்கிறேன் என்று சொல்லவில்லை.

அந்தப் பக்கத்துக் கிராம பஞ்சாயத்துக்கும் ஒரு மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. மனு கன்னடத்தில் இருக்க வேண்டும். பெரியதம்பி தமிழில் சொல்ல, நாகம்மா கன்னடத்தில் எழுதினாள். அவர் ஒரு வரி சொன்னால் அவள் மூன்று வரி எழுதினாள். "இவ்வளவு நான் சொல்லலையேம்மா" என்றார். "கன்னடத்துல அப்பிடித்தான் வரும், நீங்க சும்மா இருங்க" என்றாள் நாகம்மா.

பஞ்சாயத்துச் செயலாளர் மனுவை வாங்கி முதல் பக்கம் படிக்கும்போதே சிரித்தார். எழுந்து பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். அவரும் சிரித்தார். பெரியதம்பிக்கு நாற்காலி போட்டார்கள், டீ வந்தது. அரசு அலுவலகத்தில் தனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்க என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. மனைவியைவிடப் பூனைகளை அதிகம் நேசிக்கிறவர், அவற்றுக்காகச் சட்டம் போட வைத்தவர், கம்பெனியில் பெரிய ஆபீசர், நல்ல மனுஷன், கொஞ்சம் கோபக்காரர், அனுசரித்துப் போகவும் என்று நாகம்மா எழுதியிருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம் என்றார்கள். வைத்தார்களா என்பது இன்றுவரை தெரியவில்லை. பெரியதம்பி மாதம் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வருகிறார். இதற்குள் ரிட்டயரும் ஆகிவிட்டதால் நேரம் இருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும் அவரைப் பார்த்தால், "பெக்கு ஸார்" என்று கூப்பிடுகிறார்கள். பெக்கு என்றால் கன்னடத்தில் பூனை. முதல் சில தடவை நின்று திருத்தினார், தன் பேர் பெரியதம்பி என்று. போன வாரம் பின்னாலிருந்து யாரோ "பெக்கு ஸார்" என்று கூப்பிட்டபோது, "ஏனு? என்னங்க?" என்று திரும்பினார்.